பூனையாகிப் போன புலி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ மாசித் தேர் போய்விட்டது. சாமி விளக்கை ஏற்றிவிட்டு உட்காருவேன். அப்பாவின் முகம் வந்து நிற்கும். எழுந்து அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இப்போது அப்பாவும் அம்மன் அடி சேர்ந்துவிட்டார். இனியும் மறைத்தால் விளக்கு ஏற்றுவதில் அர்த்தமில்லை என்று எழுதுகிறேன். அதிகம் படித்தவள் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில் ஒரு காடு. அந்த மரங்களை வெட்ட ஆட்கள் வந்து குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அங்கே சிறுத்தை குட்டி போட்டு வாழ்கிறது என்று காட்டினால் வெட்டுவதை நிறுத்தலாம் என்று, மிருகங்களைப் பற்றி ஆராய்கிற சிலர் டவுனிலிருந்து வந்து சொன்னார்கள். கண்டதைப் படம் எடுத்துக் கொடுக்க யாராலும் முடியும், படிப்பு வேண்டாம் என்றார்கள். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, என் சித்தப்பா, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தேயிலைக்கு மருந்தடித்து வந்த கையோடு காட்டுக்குப் போவார். ஈரமண்ணில் பதிந்த தடத்துக்குப் பக்கத்தில், அளவு தெரிவதற்காகத் தீப்பெட்டியை வைத்து, போனில் படம் பிடிப்பார். என்னையும் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார். சிறுத்தையை நாங்கள் புலி என்றுதான் சொல்வோம்.

"என்னா தம்பி, புலிக்கு ஐடென்டி காட் எடுக்கிறியா?" என்று லயத்தில் கேலி செய்வார்கள்.

"ஆமாண்ணே. நமக்குத்தான் லேசில குடுக்க மாட்டேங்கிறாங்க, அதுக்காச்சும் கெடைக்கட்டும்" என்பார் சித்தப்பா.

ஒருவழியாகக் குட்டியின் தடமும் கிடைத்தது. ஹட்டனில் மாசித் தேர் பார்க்கப் போகிறபோது படங்களையும் கொடுத்துவிடலாம் என்று எங்களோடு பஸ் ஏறினார்.

யுத்தம் முடிந்த புதிது. வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறிய பொலிஸ்காரர் என் கன்னத்தைத் தட்டி, எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். நான் சிங்களப் பாடத்தில் பரிசு வாங்கியவள், சும்மா இருப்பேனா? பக்கத்தில் நின்றவரைக் காட்டி, "எங்கள் சித்தப்பாவுக்கு கொட்டியா இருக்கிற இடம் தெரியும். குட்டிகளும் இருக்கின்றன. போனில் படம் வைத்திருக்கிறார், கொடுக்கப் போகிறோம்" என்று மூச்சு விடாமல் சிங்களத்தில் ஒப்பித்தேன்.

கொட்டியா என்றால் சிறுத்தைதான். யுத்தம் செய்த புலிகள் இயக்கத்துக்காரர்களையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள் என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கீழே நின்ற மற்றப் பொலிஸ்காரர்களும் ஏறி வந்தார்கள். சித்தப்பாவைச் சட்டைக் கழுத்தைப் பிடித்து இறக்கினார்கள். இவன் உன் ஆளா என்று அப்பாவைக் கேட்டார்கள்.

அப்பாவின் நெற்றி நிறையத் திருநீறு, கையில் அம்மனுக்குக் கட்டிய காப்பு.

"தெரியாதுங்க மாத்தயா. எங்க புள்ள எல்லாரையும் சித்தப்பான்னுதான் சொல்லும். பஸ்ஸில ஏறுன ஆளு யாரோ."

நான் வாயைத் திறந்தேன். அப்பா கையால் பொத்தினார். அந்தக் கையில் கற்பூர வாசம். பஸ் கிளம்பிவிட்டது. தேரும் பார்த்தோம்.

பொழுது சாயும்போது சித்தப்பா லயத்துக்கு நடந்தே வந்தார். ஒரு பக்கம் முகம் வீங்கியிருந்தது. போனில் வெறும் காலடித் தடத்தையும் தீப்பெட்டியையும் பார்த்து ஸ்டேஷனில் சிரித்தார்களாம். எல்லாப் படத்தையும் அழித்துவிட்டுத்தான் விட்டார்களாம். அப்பா தலை தூக்கவில்லை.

"அண்ணே, சோறு இருக்கா?" என்று மட்டும் சித்தப்பா கேட்டார்.

பிறகு டவுன்காரர்கள் லயத்துக்கே வந்து விசாரித்தார்கள். நானும் அப்பாவும் வாசலில் நின்றோம்.

"புலியா? இல்லைங்க. அது பெரிய பூனைங்க" என்றார் சித்தப்பா.

அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அந்த மழைக்காலத்துக்கு முன்பே காட்டில் மரம் விழுகிற சத்தம் கேட்டது.

நானும் நம்பிவிட்டேன். "எங்க சித்தப்பா பூனையப் பாத்து புலின்னு பயந்துட்டாரு" என்று பள்ளியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். தீப்பெட்டியைவிடப் பெரிய தடத்தை என் கண்ணாலேயே பார்த்தவள் நான். புலி என்றால் படம் எங்கே என்று கேட்பார்கள், பஸ்ஸில் நடந்ததைச் சொல்ல வேண்டிவரும்; அந்தப் பூனை எனக்காகவும் அப்பாவுக்காகவும் சொன்ன பூனை என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

இதை வாசித்து மற்றவருக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறபடியே சொல்லுங்கள். அப்பா தெரியாது என்றதை விட்டுவிடாதீர்கள், நான் சிரித்ததையும்தான். புலி என்று எழுதிய இடத்தில் புலி என்றே இருக்கட்டும்.