அப்பாவின் வயிறும் அம்மாவின் வயிறும்

எங்கள் வீட்டில் மிச்சச் சாப்பாட்டுக்கு ஒரு சோதனை உண்டு. முதலில் அப்பா ஒரு கரண்டி சாப்பிடுவார். பிறகு உட்கார்ந்து தமிழ்ச் செய்தி பார்ப்பார். செய்தி முடியும்வரை அவர் வயிறு சும்மா இருந்தால் சாப்பாடு தேறிவிட்டது, அம்மாவும் நானும் சாப்பிடலாம்.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், வெயிலில் கிடந்த சோற்றுப் பொட்டலத்தைச் சாயங்காலம் பிரித்துச் சாப்பிட்டவர் அப்பா. ஒருநாள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை என்று பெருமையடித்துக்கொள்வார். தேறிவிட்டது என்று அவர் சொன்ன சாப்பாட்டால் அம்மாவும் நானும் எத்தனையோ முறை கழிவறைக்கு ஓடியிருக்கிறோம். "பாவ்லா காட்டாதீங்க லா. நானும்தானே சாப்பிட்டேன்?" என்பார். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அம்மா ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

சென்ற ஆண்டு ஜூரோங்கில் பெரியப்பா வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். மதியச் சாப்பாடு கேட்டரிங்கிலிருந்து வந்தது. விருந்துக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் எங்கள் சொந்தத்தில் கிடையாது. பெரியம்மா மிஞ்சிய ஆட்டுக்கறிப் பிரட்டலை டப்பாவில் அடைத்து அப்பாவிடம் கொடுத்தார். நாங்கள் இருக்கும் செங்காங் வரை எம்ஆர்டி ரயிலில் அது அப்பாவின் மடியில் வந்தது.

"மூணு மணிக்குள்ள சாப்பிடணும்னு கேட்டரிங்காரங்க மேசையில ஒட்டியிருந்தாங்க," என்று அம்மா சொல்லிப் பார்த்தார்.

ராத்திரி வழக்கம்போல அப்பா ஒரு கரண்டி சாப்பிட்டார். செய்தியும் முடிந்தது. "ஒண்ணும் ஆகல. ஆட்டுக்கறிய யாராவது கொட்டுவாங்களா?"

மதியம் உண்டதே எனக்குச் செரிக்கவில்லை, மோரோடு நிறுத்திக்கொண்டேன். எதற்கு வாக்குவாதம் என்று அம்மா சாப்பிட்டார்.

காலையில் அம்மா குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தார். ஆம்புலன்ஸில் போகும்போது, அவ்வளவுதான், அம்மா போய்விடுவார் என்றே நினைத்தேன்.

மருத்துவமனையில் ஒரு தமிழ் டாக்டர். சின்னப் பெண். உணவிலிருந்த கிருமியால் உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் வரை பாதித்திருக்கிறது என்றார்.

"அதே கறியத்தானே டாக்டர் நானும் சாப்பிட்டேன்?" என்றார் அப்பா.

"எல்லா உடம்பும் ஒண்ணு இல்ல அங்கிள். வயசு, உடம்புநிலைன்னு நிறைய காரணம் இருக்கு. கிருமிய எதிர்க்கிற சக்தி பிறவியிலேயே சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைச்சல். பரம்பரையாவும் வரும். உங்க உடம்பு தாங்கிடுச்சு. அதுக்காகச் சாப்பாடு நல்லதுன்னு ஆயிடாது."

இத்தனை காலமும் நாங்கள் சோதித்தது அப்பாவின் வயிற்றை மட்டும்தான். அம்மாவின் மூக்கும் சுருட்டை முடியும் எனக்கு வந்திருக்கின்றன. இந்த வயிறும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். அதற்குப் போய் இரண்டு பேரும் திட்டு வாங்கியிருக்கிறோம். அப்பா மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸையே பார்த்துக்கொண்டு நின்றவரிடம் என்னத்தைச் சொல்ல? பாவமாகவும் இருந்தது.

அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தார். அன்று சாயங்காலம் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தேன். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் கண் திரையில் இல்லை.

"அப்பல்லாம் வயிறு வலிக்குதுன்னு படுத்துப்பியே," என்றார் மெதுவாக. "நெசமாவே வலிச்சுதா?"

அம்மா கஞ்சியை ஊதினார். "கல்யாணம் ஆனதுலேருந்து வலிச்சுது."

அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார்.