துண்டுக்கடியில் பேசிய விலை

பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் வேலைவெட்டி இல்லையா என்று கேட்டுவிட்டு எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்றால் இப்போதே எழுந்து போங்கள், பாதியில் குறுக்குக் கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கம் எங்கள் ஊர். அப்பா ஆயுசு பூராவும் ஆடு மேய்த்தவர். ஆடுகளை விற்று நாலைந்து வருஷம் கழித்து அவருக்குப் புத்தி தடுமாறியது. கோவில்பட்டி டாக்டர் மறதி நோய் என்றார், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்றார். தெரிந்தது. வாசல் முழுக்க ஆடு! குறுக்கே நடந்தால், "ஏலே, குட்டிய மிதிக்கியே, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கம்பை ஓங்குவார். ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு வந்த என் மனைவியின் மண்டையை உடைத்துவிட்டார். தையல் போட்டுக் கூட்டி வந்தால், "ஒண்ணு அவிய இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இடைசெவலுக்குத் தாய்வீடு போய்விட்டாள். இந்த மனுஷன் செத்துத் தொலையக் கூடாதா என்றுகூட நினைத்தேன், அவ்வளவு எரிச்சல்.

இல்லாத ஆட்டை விற்றுவிட்டால் தொல்லை தீருமே என்று தோன்றியது. எட்டயபுரம் சந்தையில் ஆட்டுத் தரகு பார்க்கும் என் அத்தை மகன் முருகேசனைக் கூட்டி வந்தேன். சந்தையில் செய்வதுபோலவே அப்பா கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, உள்ளே விரலைத் தொட்டு விலை பேச ஆரம்பித்தான். நல்ல பட்டப்பகல், நம்பினால் நம்புங்கள். சட்டென்று கையை உருவிக்கொண்டு எழுந்தான்.

"மாப்ள, உள்ள இன்னொரு கை கெடக்கு. என் விரல ஒதுக்கிட்டு மாமா விரலப் பிடிக்கு."

செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டான். அப்பா கைமேல் கிடந்த துண்டு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வித்தாச்சுலே."

"எல்லாத்தையுமாப்பா?"

"எல்லாத்தையும். மேய்க்க ஒரு ஆளும் வேணும்னாரு. ஒன்னையச் சேத்துக் குடுத்துட்டேன். ஆட்ட இப்பவே ஓட்டிட்டாரு, மழை கழிச்சி வந்து ஒன்னையப் பத்திட்டுப் போவாரு."

யாரிடம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கம்பை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்றோடு வாசலில் ஆடு இல்லை. மனைவி திரும்பி வந்தாள். அடுத்த கோடையில் அப்பா போய்ச் சேர்ந்தார். ஆனால் கார்த்திகையில் மழை விட்டதும் இன்றைக்கும் நான் வீட்டில் தங்குவதில்லை, ஏதாவது ஒரு லாரியில் ஏறி வெளியூர் போய்விடுவேன். எந்த வருஷத்து மழை என்று அந்த மனுஷன் கடைசிவரை சொல்லவேயில்லை.