அத்தான் அழித்த கடைசிக் காட்சி

எங்கள் அத்தான் லிப்ட் மெக்கானிக். வேலை போக மிச்ச நேரமெல்லாம் பழைய கௌபாய் படங்களோடுதான். இணையத்தில் காப்பகம் காப்பகமாக மேய்ந்து, யாரும் சீண்டாத படங்களை இறக்கி, பெயரும் வருடமும் சரிபார்த்து, அழியாமல் இருக்கட்டுமென்று ஒரு பெரிய காப்பகத்தில் ஏற்றிவைப்பார். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு படத்தையாவது உட்கார்ந்து பார்த்திருப்பாரா? தொடக்கம் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் ‘முற்றும்’ அட்டை. மூன்றும் இருந்தால் படம் பாஸ். காலில் சக்கரம் கட்டிய மனுஷன்.

முழுசாகப் பார்ப்பது அக்கா. கடைக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள். மெஷினுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் என்பதால், அவர் இறக்கியதையெல்லாம் தைத்துக்கொண்டே பார்த்து முடித்துவிடுவாள்.

ஒருமுறை ஒரே படம் இரண்டு பிரதியாகக் கிடைத்தது. யாரோ தனி ஆள் நடத்திய சின்னத் தளத்திலிருந்து வந்தது கோடு கோடாக இருந்தது. மற்றது பளிச். இரண்டிலும் ‘முற்றும்’ வந்தது. அத்தான் பளிச்சென்று இருந்ததை ஏற்றிவிட்டு, டிஸ்கில் இடமில்லையென்று மற்றதை அழித்துவிட்டார். கொஞ்ச நாளில் எங்கிருந்தோ ஒருவர் எழுதிக் கேட்டார், கடைசிக் காட்சி எங்கே என்று. பளிச்சென்ற பிரதியில் யாரோ அதை வெட்டிவிட்டு அட்டையை ஒட்டியிருக்கிறார்கள். சின்னத் தளத்தைப் போய்ப் பார்த்தால், மூடியே போயிருந்தது.

அதன்பிறகு மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லிப்டின் தலைமேல் நின்றபடி போனில் தேடினார். சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓடினார். தெரிந்த சேகரிப்பாளர் ஒருவரிடமும் அந்தக் கோடு விழுந்த பிரதி இல்லை.

“உலகத்துலயே அது ஒண்ணுதான் இருந்திருக்கு. என் கையாலயே அழிச்சிட்டேன்” என்று என்னிடம் சொன்னார். எனக்கே பாவமாகப் போயிற்று.

“அந்தக் கோடு விழுந்த படமா?” என்றாள் அக்கா, தையலிலிருந்து தலை தூக்காமல். “நான் கடைசி வரைக்கும் பாத்தேனே.”

“ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?” என்று கத்தினேன்.

“எதைத் தேடுறார்னு எனக்கு யாரு சொன்னா? கேட்டா, உனக்குப் புரியாதுன்னு எழுந்து போயிடுறார்.”

அத்தான் பாய்ந்து கீபோர்டை இழுத்தார். “சொல்லு, சொல்லு. அப்படியே டைப் பண்ணி படத்துக்குக் கீழ போட்டுடறேன்.”

“முதல்ல கையை எடுங்க. டைப் பண்ணா சொல்ல மாட்டேன். எங்கயும் எழுதறதில்லைன்னா உக்காந்து கேளுங்க.”

அத்தானின் கை கீபோர்டிலேயே நின்றது. எழுதாவிட்டால் அந்தக் காட்சி உலகத்துக்கு இல்லை. கேட்காவிட்டால் அவருக்கே இல்லை. கீபோர்டைத் தள்ளிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். அக்கா மெஷினை நிறுத்தினாள். என்னிடம், “நீ போய் டீ போடு” என்றாள்.

டீயோடு திரும்பினால் கதை முடிந்திருந்தது. அத்தான் எழுந்திருக்கவே இல்லை.

காப்பகத்தில் அந்தப் படத்தின் கீழே இன்னமும் ‘கடைசிக் காட்சி கிடைக்கவில்லை’ என்றுதான் இருக்கிறது. பொறுக்கமாட்டாமல் ஒருநாள், “எனக்காவது சொல்லுங்க அத்தான், அந்தக் கௌபாய் கடைசியில் வீட்டுக்குத் திரும்பினானா இல்லையா?” என்று கேட்டேன்.

“அது உங்கக்கா எனக்குச் சொன்னது” என்றார்.

எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.