ஓதாத தண்ணீர்

முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது சிசிலித் தீவின் முஸ்லிம் கவிஞர்களை. நார்மன்கள் தீவைப் பிடித்த பிறகு அவர்களில் சிலர் கடல் கடந்தார்கள், சிலர் புதிய அரசனைப் புகழ்ந்து பாடி அங்கேயே இருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். உம்மாவுக்கு அரபு எழுத்துக் கூட்டி ஓதத் தெரியும், பொருள் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வாப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய் முற்றி, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற புலம்பெயர்ந்தோர் பகுதியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்றினார்கள். உம்மா காலையும் மாலையும் குர்ஆன் ஓதி, தண்ணீரில் ஊதி, கரண்டியால் பருக்கினார்.

ஒரு மத்தியானம் நூலகத்திலிருந்து வந்தபோது, உம்மா கட்டிலருகே என் ஆய்வுக்கான அரபுத் தாள் ஒன்றைப் பார்த்து ஓதிக்கொண்டிருந்தார். அவரை அடுக்களைக்குக் கூட்டிப்போனேன்.

“எவ்வளவு நாளா இதை ஓதுறீங்க?”

“ரெண்டு கிழமையா. கீழ விழுந்து கிடந்துது. அரபெழுத்தை அப்பிடிப் போடக்கூடாது மகள். நீ படிக்கிறது, நல்ல துஆவாத்தான் இருக்கும் எண்டு எடுத்தன்.”

“துஆ இல்ல உம்மா. வைன் குடிக்கிறதைப் பற்றின பாட்டு.”

உம்மா கொதிக்காத கேத்தலை அணைத்தார். “அதையா ஊதிக் குடுத்தன்?”

அன்று மாலை தண்ணீர் ஓதாமலே வந்தது. மறுநாளும் அப்படித்தான். மனப்பாடமான சூராக்களையும் உம்மா ஓதவில்லை. எங்காவது பிழை வந்துவிடும் என்று பயந்திருந்தார்.

மூன்றாம் நாள் வாப்பா கரண்டியைத் தள்ளினார். “ஓதாத தண்ணி எனக்கு வேணாம்.”

உம்மா கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். “நீயே ஓது. உனக்குத்தானே எல்லாம் விளங்குது.”

பாத்திஹா சூராவை ஓதினேன். வாப்பா கண்ணைத் திறக்காமல், “உம்மா ஓதினதையும் ஓது. அதில ஒரு ஓசை இருந்துது” என்றார்.

உம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தாளை எடுத்துவந்தேன். முதல் வரிகளில் கிண்ணமும் மதுவும். கடைசி மூன்று வரிகளில் மது இல்லை. கவிஞர் இனித் திரும்ப முடியாத தீவும் வீடும்தான் இருந்தன. வாப்பாவும் உம்மாவும் மன்னார்த் தீவிலிருந்து ஒரு பையோடு துரத்தப்பட்டவர்கள். அன்று அடுக்களையில் அந்த மூன்று வரிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பிழை பிடிப்பதற்கு முதல் வரிகளே போதுமாக இருந்தன.

முழுவதையும் ஓதி, ஊதினேன். இரண்டு கரண்டி குடித்தார். மூன்றாவது கடைவாயால் வழிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வாப்பாவை அடக்கம் செய்தோம். உறைந்த மண்ணை இயந்திரம்தான் தோண்டியது.

தாள் இன்னும் அலுமாரியின் மேல்தட்டில், உம்மா வைத்த இடத்தில் இருக்கிறது. அதன் மீதிப் பொருளைச் சொல்லப் பலமுறை வாயெடுத்திருக்கிறேன். “எனக்கேன் அது” என்று எழுந்து போய்விடுவார். நான் வீட்டில் இருக்கும்போது உம்மா சத்தமாக ஓதுவதில்லை. படியேறி வரும்போது கதவுக்குப் பின்னால் கேட்கும். சாவியைப் போட்டதும் நின்றுவிடும்.