மெத்தைக்காரருக்கு வந்த காய்ச்சல்

மெத்தை வாங்க வருகிறவர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. நாலு பேர் பார்க்கப் படுத்துப் பார்க்க மாட்டார்கள். விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று நழுவிவிடுவார்கள். அதற்கு, மெத்தைக் கடையில் விற்பனையாளராக இருந்த நம் குறட்டையார் கண்டுபிடித்த வழி, தானே படுத்துக் காட்டுவது. செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் சாய்வார், கண்ணை மூடுவார், லேசாக ஒரு குறட்டை விடுவார். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். கடைத்தெருவே அவரை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டது. வாய் மட்டும் லேசுப்பட்டதா என்ன? மட்டமான பஞ்சு அடைத்த மெத்தையைத் தடவிக்கொண்டே, வெளிநாட்டு ரகம், கப்பலில் வந்தது என்று கண் இமைக்காமல் சொல்வார். கல்யாணத்தின்போது வயதைக்கூடக் குறைத்துச் சொன்ன மனிதர் அவர்.

தள்ளுபடி விற்பனை நடக்கும் நேரம் பார்த்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் விசிலடித்துக்கொண்டு போனவர், சாயங்காலம் யாரோ அடித்துத் துவைத்த மாதிரி திரும்பினார். உடம்பு அனலாய்க் கொதித்தது. எலும்பெல்லாம் வலி, நடுக்கம், வறட்டு இருமல். வெறும் சளிதான் என்றார். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. சளி என்றால் மூக்கில் ஆரம்பித்து மெல்ல வரும், இப்படி ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்தால் அது ஃப்ளூதான் என்றாள். அவருக்கோ சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. உங்களுக்கெல்லாம் இந்தக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும், ஆரம்பத்தில் கொடுத்தால்தான் மருந்து நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் அப்பாவை இப்படி ஒரு காய்ச்சலுக்குத்தான் பறிகொடுத்திருந்தாள். அவரும் நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று சொன்னவர்தான்.

"என்னங்க, ஒரு எட்டு டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்."

"தள்ளுபடி முடியட்டும்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு மாத்திரையை விழுங்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

முதல் வாடிக்கையாளருக்காகப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. முடியவில்லை என்பதுதான் உண்மை, ஆனால் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அடேயப்பா, படுத்ததும் இப்படியா தூக்கம் வரும் என்று வாயைப் பிளந்து, அந்த மெத்தையையே கட்டச் சொன்னார்கள். முதலாளி இவரை அடுத்த மெத்தைக்கு உருட்டிவிட்டார். அதுவும் விற்றது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. இவருக்கு வேர்த்தால் துண்டால் ஒற்றிவிட்டார். இருமினால், நெஞ்சில் இருக்கும் பழைய தூசியை எல்லாம் மெத்தை வெளியே தள்ளுகிறது என்று ஒரு போடு போட்டார். மெத்தையோடு காய்ச்சலையும் எத்தனை வீட்டுக்கு இலவசமாக அனுப்பினாரோ, அந்தப் பாவி மனுஷன்!

ஓரிரு நாளில் காய்ச்சல் விட்டது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று குறட்டையார் மார்தட்டினார். அவளும் நம்பித்தொலைத்தாள். பிறகு ஒருநாள் காலையில் காய்ச்சல் திரும்பி வந்தது, இருமலும் முன்னைவிட மோசமாக. அவளிடம் மூச்சுவிடாமல் கடைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். அண்ணே, இது நல்லா உழைக்குமா என்று அந்தப் பெண் கேட்டாள். குறட்டையார் கண்ணைத் திறந்தார்.

"வேண்டாம்மா... சீக்கிரம்... குழி விழுந்துடும். உள்ள... எல்லாம்... மட்டப் பஞ்சு."

தம்பதி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறியது. குறட்டையாரின் மனைவிக்குப் போன் போட்டு, உன் புருஷன் என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறார், வாடிக்கையாளரிடம் உண்மையைப் பேசுகிறார் என்று பொரிந்து தள்ளினார்.

உண்மை என்ற சொல்லைக் கேட்டதும், அவர் சுயநினைவில் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள். ரெண்டு வார்த்தைக்கு ஒருமுறை வாங்குகிறது என்றார். ஆள் அடையாளம் தெரிகிறதா என்று கேட்டாள். முதலாளியின் குரல் இறங்கியது.

"என்னைத் தலையணைன்னு கூப்பிடுறாரும்மா."

"அவரைப் படுக்க வைக்காதீங்க, சாய்ச்சு உட்கார வைங்க. நான் ஆம்புலன்ஸோட வர்றேன்."

தொற்று நுரையீரல் வரை போய்விட்டது என்றார் டாக்டர். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். கூடவே வந்திருந்த முதலாளியும் அங்கேயே காய்ச்சலில் நடுங்க ஆரம்பிக்க, டாக்டர் அவரையும் பார்த்தார். வேறு வியாதி எதுவும் இல்லாதவர் என்பதால், முகக்கவசம் மாட்டி, வீட்டில் தனியாகப் படுத்து, நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுக்கச் சொன்னார். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, பேச்சில் குழப்பம், விட்ட காய்ச்சல் திரும்புவது, இதில் ஒன்று வந்தாலும் ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். வாழ்க்கையில் முதல்முறையாக முதலாளி விலை பேசாமல் தலையாட்டினார்.

அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் கண் விழித்தபோதெல்லாம் உண்மையாகவே பேசினார். தன் நிஜ வயதைச் சொன்னார். பயமாக இருக்கிறது என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அப்பாவும் கடைசியில் இப்படித்தான் கையைப் பிடித்தார் என்று நினைத்து, அவள் அந்தக் கையை விடவே இல்லை.

அப்படியே சில நாள் போயிற்று. ஒரு காலையில் நர்ஸ் வந்து ஆக்சிஜனைக் குறைத்துவிட்டு, ஆஸ்துமாவை வைத்துக்கொண்டு முதல் நாளே ஏன் வரவில்லை என்று அதட்டினாள். குறட்டையார் தலையணையில் நிமிர்ந்து சாய்ந்தார்.

"நான் அன்னைக்கே கிளம்பிட்டேன் சிஸ்டர்" என்றார், கண் இமைக்காமல். "இவதான் விடலை."

நர்ஸ் திரும்பி அவளை முறைத்தாள்.

"ஆமாம் சிஸ்டர், தப்பு என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தை மூடிக்கொண்டு சந்தோஷத்தில் ஓவென்று அழுதாள்.