கற்பூரத் தண்ணீருக்கு முன்

நபவிய்யாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் ஏரிக்கரை முழுக்கத் தேடினாலும் பார்த்திருக்க முடியாது. நாய் குரைத்தால் பயம். போன் மணி அடித்தால் பயம். காற்று கொஞ்சம் திசை மாறினால் போதும், அடுப்பில் வைத்த ரொட்டியை மறந்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்து ஏரியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்படிப்பட்டவள்தான் நாற்பது வருஷமாக ஊரில் இறந்துபோன பெண்களையெல்லாம் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி அனுப்பினாள். கேட்டால், "மையத்து யாரையும் கடிச்சதில்லையே" என்பாள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாலு பெண் குழந்தைகள் கையிலும் மகன் ஸாபிர் வயிற்றிலும் இருந்தபோது, வலை போடப் போன புருஷன் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் நாணற்புதரில் கிடைத்தான். அவனைக் குளிப்பாட்டிய கிழவர் வெளியே வந்து, "முகத்துல வெளிச்சம் இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னார். மூன்று நாள் தண்ணீரில் கிடந்த முகத்தை மீன்கள் என்ன செய்திருக்கும் என்று ஏரிக்கரையில் பிறந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பிழைத்தாள். அந்தக் கடனை அடைக்கத்தான் மையத்துக் குளிப்பாட்டும் குவளையைக் கையில் எடுத்தாள்.

பிறத்தியார் வீட்டு மீனைச் செதில் எடுத்துக் கொடுத்து, பிறத்தியார் அடுப்பில் ரொட்டி சுட்டுக் கொடுத்து, நாலு பெண்களையும் கட்டிக் கொடுத்தாள். ஐந்து வேளைத் தொழுகையை விட்டதில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும், தன் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தாலும், எழுந்து போய்விடுவாள். உள்ளே பார்த்ததை வெளியே சொன்னதே கிடையாது.

ஊர்ப் பெண்கள் விடுவார்களா? "அந்தக் கிழவி சாயம் போட்டுத்தானே முடியைக் கறுப்பாக்கிக்கிட்டுத் திரிஞ்சா? எங்ககிட்ட சொல்லக் கூடாதா?" என்று கிண்டிக் கேட்பார்கள்.

"நாளைக்கு நீ படுத்திருக்கிறப்ப உன் கதையையும் இப்படித்தான் மூடி வைப்பேன். போ, போய் வேலையப் பாரு" என்பாள்.

ஸாபிரும் ஏரிக்குத்தான் போனான். இந்த ஊரில் வேறு என்ன கொட்டியா கிடக்கிறது? முஅவ்வத்தின் மோட்டார் படகில் வலை இழுத்தான். மீன் பண்ணைகள், படகுகள், ஐஸ் கிடங்கு எல்லாமே முஅவ்வத்துடையவை. ஊரில் பாதிப் பேர் அவன் சோற்றைத்தான் தின்றார்கள்.

மாசி மாதக் குளிரில் ஒரு காலை, முஅவ்வத்தின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவன் பெண்டாட்டி ரௌஹிய்யா படியில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டாளாம். லுஹர் என்னும் நண்பகல் தொழுகையோடு அடக்கம் என்றார்கள். நபவிய்யாவுக்குத் துணையாகத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் ஃபாயிஸா போகிற வழியில் கிசுகிசுத்தாள்.

"அக்கா, அவ உம்மாவுக்கு இவங்க இன்னும் சொல்லவே இல்ல. நான்தான் போன் போட்டேன். எதிர்க்கரையிலேர்ந்து படகு ஏறிட்டாங்களாம். காத்து எதிர்க்காத்து, எப்ப வந்து சேருவாங்களோ."

உள்ளறையில் பலகைமேல் ரௌஹிய்யா கிடந்தாள். இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண். முஅவ்வத்தின் தாய், ஹஜ்ஜுக்குப் போய்வந்த ஹாஜா பஸீமா, அறையைவிட்டு நகரவில்லை. நபவிய்யா பெரிய துணியைப் போர்த்தி, அதன் அடியில் உடுப்புகளைக் கழற்றினாள். கழுத்தைச் சுற்றியிருந்த முக்காட்டில் கை வைத்ததும் பஸீமா குறுக்கே வந்தாள்.

"அது இருக்கட்டும். மானமா வாழ்ந்த பொண்ணு."

"தண்ணி படாத இடம் இருந்தா குளிப்பாட்டினதாவே ஆகாது ஹாஜா. உங்களுக்குத் தெரியாததா?"

முக்காடு அவிழ்ந்தது. கழுத்தில் ஒரு பக்கம் நாலு நீலத் தடங்கள். மறுபக்கம் ஒன்று. யாருடைய கை என்று எழுதி ஒட்டவேண்டிய அவசியம் இல்லை. பின்னால் ஃபாயிஸாவின் வாளி ணங்கென்று தரையில் இடித்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு மையத்தின் முன்னால் நபவிய்யாவுக்குப் பயம் வந்தது.

பஸீமா மெதுவாகத்தான் பேசினாள். "பார்த்ததை மூடுறவதானே நீ. ஊரே உன்னை அதுக்குத்தானே மதிக்குது."

"ஆமா ஹாஜா."

"ஸாபிர் எங்க பெரிய படகுலதானே போயிருக்கான்? காத்து சரியில்ல இன்னிக்கு. பத்திரமா வந்து சேரணும், பாவம், ஒரே ஆம்பளப் புள்ள."

நாணற்புதரும் அதில் சிக்கிய சட்டையும் நபவிய்யாவின் கண்முன்னால் வந்து நின்றன. சட்டைக்குள் இந்த முறை ஸாபிர் இருந்தான்.

இலந்தை இலைத் தண்ணீரை ஊற்றினாள். வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். ஒரு முறை ஊற்றி முடித்து மறுபடி தொடங்கினாள். எங்கள் வழக்கத்தில் மூன்று தடவை கழுவினால் போதும். போதாது என்று தோன்றினால் ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் போகலாம். எத்தனை என்று முடிவு செய்வது குளிப்பாட்டுகிறவள்தான். ஆனால் கற்பூரம் கரைத்த தண்ணீரை ஊற்றிவிட்டால் அதுவே கடைசி. அதன்பின் கபன், முடிச்சு, தொழுகை, மண்.

வெளியே முஅவ்வத் கதவைத் தட்டினான். "இன்னும் எவ்வளவு நேரம்? பள்ளிவாசல்ல ஆளுங்க கூடிட்டாங்க."

"முடிஞ்சுது மகனே" என்றாள் பஸீமா. நபவிய்யாவைப் பார்த்து, "கற்பூரத்தை எடு" என்றாள்.

நபவிய்யா எடுத்தாள். உண்மையைச் சொல்வதென்றால் ஊற்றிவிடத்தான் எடுத்தாள். மகன் உயிரோடு வந்தால் போதும், மற்றதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்றுதான் அவள் மனம் அந்த நேரம் சொன்னது. யார் வேண்டுமானாலும் ஏசலாம், ஏசுகிறவர்களுக்கு ஏரியில் மகன் இருந்திருக்க மாட்டான். ஆனால் பயம் கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாத்திரம் தடதடவென்று ஆடி, நழுவி, கல்தரையில் விழுந்தது. கற்பூரத் தண்ணீர் முழுவதும் சாக்கடைத் துவாரத்தை நோக்கி ஓடியது.

எல்லோரும் அதையே பார்த்தார்கள். நபவிய்யாவும் பார்த்தாள். அது ஓடி முடிவதற்குள் அவளுக்குள் ஏதோ ஒன்று திரும்பிக்கொண்டது.

"வேற கற்பூரம் வேணும் ஹாஜா" என்றாள். "யாரையாவது கடைக்கு அனுப்புங்க. அது வர்ற வரைக்கும் நான் சும்மா நிக்க முடியாது. இன்னும் ரெண்டு தடவை ஊத்துறேன்."

"வேணும்னே செஞ்சியா?"

"கை நடுங்குது ஹாஜா. வயசாயிடுச்சு."

பஸீமாவால் என்ன செய்ய முடியும்? குளிப்பாட்டி முடிக்காத மையத்தைத் தொழவைக்க எந்த இமாமும் நிற்க மாட்டார். நபவிய்யா கீழே வைத்த குவளையை எடுக்க ஊரில் வேறு ஒருத்தியும் துணிய மாட்டாள். கடைக்கு ஆள் போனது. நபவிய்யா ஊற்றினாள். விரல் இடுக்கு, காதுமடல், முடியின் ஒவ்வொரு பின்னல் என்று மெல்ல மெல்லக் கழுவினாள். எதிர்க்கரைப் படகு வந்துவிட்டதா என்று காதெல்லாம் வெளியேதான் இருந்தது. ஜன்னலில் காற்று மோதும்போதெல்லாம் மகனை நினைத்தாள். ஸாபிருக்கு எதிரி அந்தக் காற்று. எதிர்க்கரைப் படகுக்கும் அதுதான் எதிரி. ஆனால் அந்தப் படகு வந்து சேர்ந்துவிட்டால் ஸாபிர் கதி என்ன? எதற்கென்று துஆ செய்வாள், சொல்லுங்கள்.

கற்பூரம் முதலில் வந்தது. ஃபாயிஸா அதைக் கரைக்கத் தொடங்கினாள். கரைத்தாள், கரைத்தாள், அப்படிக் கரைத்தாள். பஸீமா பாத்திரத்தைப் பிடுங்கப் போன நேரத்தில் வாசலில் கூச்சல் கேட்டது. நனைந்த கறுப்பு உடையோடு ஒரு பெண் ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ரௌஹிய்யாவின் தாய் வதீதா.

பஸீமா அவளைத் தழுவ இரண்டு கைகளையும் விரித்தாள். "வாம்மா, முகத்தைப் பார்த்துட்டு வெளிய உக்காரு. உன்னால தாங்க முடியாது."

"பெத்தவ வந்துட்டா முதல் உரிமை பெத்தவளுக்குத்தான்" என்றாள் நபவிய்யா. குவளையை வதீதாவிடம் நீட்டினாள். "இந்தாங்க. நான் பார்த்ததைச் சொல்றவ இல்ல. நீங்களே ஊத்துங்க. கழுத்துகிட்ட ஆரம்பிங்க."

வதீதா ஊற்றினாள். மகளின் கழுத்தைத் தடவிய கை நின்றது. தன் விரல்களை அந்தத் தடங்களின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். அவள் கை சின்னது, எட்டவில்லை. அழவில்லை அவள். ஈரக் கையோடு போய்க் கதவைத் திறந்து, வெளியே நின்ற தன் தம்பிமாரிடம் சொன்னாள்.

"ஜனாஸாவும் இல்ல, அடக்கமும் இல்ல. இவளை யாரும் தூக்கக் கூடாது. போலீஸைக் கூப்பிடுங்க."

அதற்குப்பின் நடந்த கூத்தை நபவிய்யா பார்க்கவில்லை. நேராகப் படகுத்துறைக்குப் போனாள். குளிப்பாட்டிய ஈரத்தோடு, செருப்புகூட இல்லாமல் நின்றாள். படகுகள் வந்தன. பெரிய படகும் வந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஸாபிர் அவர்களோடு இல்லை. அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

வெயில் சாயும் நேரத்தில், கரையோரமாக, இடுப்புவரை சேறோடு ஒருவன் நடந்து வந்தான். படகுக்கு முஅவ்வத்திடமிருந்து போன் வந்ததாம். இவனை நடு ஏரியில் தள்ளச் சொன்னானாம். படகோட்டிக்கு அவ்வளவு நெஞ்சழுத்தம் இல்லை. ஆழமில்லாத இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

"உம்மா, என்ன பண்ணித் தொலைச்ச நீ?" என்றான் ஸாபிர்.

"தண்ணி ஊத்தினேன்டா" என்று சொல்லிவிட்டு அவன் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

முஅவ்வத் சிறைக்குப் போனான். அவன் சொந்தக்காரர்கள் இங்கேயேதான் இருந்தார்கள். ஸாபிர் எதிர்க்கரையில் வதீதாவின் தம்பிமாரோடு வலை இழுத்தான். அவன் வீடு திரும்பும்வரை நபவிய்யா கதவுக்குப் பின்னாலேயே நின்றாள், தினமும், சாகிற வரைக்கும். தைரியசாலி என்று யாராவது சொன்னால், "போங்கடி, எனக்கா" என்பாள். குவளையை மட்டும் கீழே வைக்கவில்லை.

அவள் இறந்த அன்றும் எதிர்க்காற்றுதான். ஃபாயிஸா இலந்தை இலைத் தண்ணீரை மூன்று முறை ஊற்றி முடித்தாள். வெளியே ஊரே காத்திருந்தது. அவள் கற்பூரத்துக்குக் கை நீட்டியபோது, படகில் வந்திறங்கிய வதீதா நனைந்த உடையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. என்ன அவசரம்? எனக்காக இவ எவ்வளவு நேரம் ஊத்தினா" என்று சொல்லி, குவளையை வாங்கி, மறுபடி வலப்பக்கத்திலிருந்து தொடங்கினாள்.