மதலேனாளும் செவலைக் குதிரையும்

கொள்ளு வெந்து இறக்கியதும் மதலேனாள் முதல் பிடியைத் தன் வாயில்தான் போட்டுக்கொள்வாள். கல் இருக்கிறதா, உள்ளே வேகாமல் நிற்கிறதா என்று கடைவாயில் வைத்து நிதானமாக மென்று பார்த்த பிறகே கூடை லாயத்துக்குப் போகும். வீட்டுச் சோற்றை அவள் இப்படிப் பதம் பார்த்து யாரும் கண்டதில்லை. "மனுசனுக்கு வேகலன்னா வாய் இருக்குது, கத்துவான். இது இன்னா பண்ணும்? வவுத்த வலிச்சிக்கினு பூமியில பொரளும்" என்பாள்.

வில்லியனூரிலிருந்து ஒதியம்பட்டு போகிற பாதையில் அவளுக்கு அரைக்காணி நிலம். ஓலை வீடு, வீட்டை ஒட்டினாற்போல் லாயம், பின்னால் கிணறு, கிணற்றைச் சுற்றிக் கத்தரியும் வெண்டையும் மிளகாயும், வேலியோரமாக ஓர் அவரைப் பந்தல். லாயத்தில் இரண்டு உருப்படிகள். கட்டை என்பது தொப்பை விழுந்த கிழட்டு மட்டக்குதிரை. அதன் வயது அதற்கே மறந்திருக்கும். செவலை ஏழு வயதுப் பெண் குதிரை. நெற்றியில் விரலால் தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளை. இவை போக இருபது இருபத்தைந்து நாட்டுக்கோழிகள். அவை குதிரைகளின் காலுக்கு நடுவிலேயே வாழ்ந்தன. சிந்திய கொள்ளைப் பொறுக்குவதும், சாணத்தைக் கிளறிப் புழு தின்பதும், குதிரை கால் மாற்றினால் ஒரு தாவு தாவி மறுபடி அதே இடத்துக்கு வருவதுமாக. கிளறி முடித்த சாணம் தோட்டத்துக்குப் போகும். முற்றிப்போன வெண்டையும் பூச்சி விழுந்த கத்தரியும் குதிரைக்கு வரும். அவள் நிலத்திலிருந்து எதுவும் வீணாக வெளியே போனதில்லை.

அடை வைக்கும் முட்டையை உள்ளங்கைக் குழலில் பிடித்துச் சூரியனுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். கூமுட்டையைக் கண்டுபிடித்துவிட்டால் அப்படி ஒரு கோபம் வரும். சேவலைத் தேடிப் போய்த் திட்டுவாள்.

அறுபதுகளிலேயே வில்லியனூரில் ஜட்கா வண்டிகள் நிறைய ஓடின. ஆனால் எழுபதில் பெண் ஓட்டியது இந்த ஒரு வண்டிதான். புடவையைத் தூக்கிச் செருகி, மேலே புருஷனின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ரயிலடி வாசலில் நிற்பாள். மாதா கோயிலுக்கு வரும் சனம், சந்தைக்குக் கூடை தூக்கும் பெண்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறவர்கள் எல்லாரும் அவளைத்தான் தேடுவார்கள். ஆண்பிள்ளைகளை ஏற்றமாட்டாள். "ஆம்பள ஏறுனா சும்மா வரமாட்டான். 'இப்டி திருப்பு, அப்டி ஓட்டு'ம்பான். கடசில கயித்த இப்டி குடும்பான். வூட்ல ஒர்த்தன் அதிகாரம் பண்றது போதும்."

வீட்டில் இருந்தவன் புருஷன் அமிர்தசாமி. வண்டியும் குதிரையும் அவனுடையவை. நல்ல வண்டிக்காரன். செவலையைக் குட்டியாக வாங்கிவந்து பழக்கியவனும் அவன்தான். ஒருநாள் காலையில் அதன் பின்புறம் குனிந்து சாணம் வழித்துக்கொண்டிருந்தான். கூரையிலிருந்து ஒரு கோழி படபடவென்று செவலையின் முதுகில் விழுந்தது. ஒரே ஓர் உதை. முதுகெலும்பின் அடியில் பட்டது. அதன் பிறகு அவனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. மதலேனாள் அவனைத் துடைத்தாள், புரட்டினாள், ஊட்டினாள். மறு வாரமே காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு செவலையை வண்டியில் பூட்டினாள். அவனால் பொறுத்துக்கொள்ள முடியாதது அதுதான்.

அவன் கட்டிலுக்கும் லாயத்துக்கும் நடுவே ஒரு மண்சுவர். செவலை கால் மாற்றினால் கேட்கும். செருமினால் கேட்கும். நாலு வருஷமாக அவன் அந்தச் சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருந்தான்.

"அந்தக் கொலகாரிக்கு வச்சிட்டியா? வச்சிட்டு வா. அப்பறமா எனக்குக் கஞ்சி ஊத்து."

"வச்சிட்டேன்."

"அத்த வித்துடுமே. எத்தினி தபா சொல்றது."

"வித்துட்டு? வண்டியில ஒன்ன பூட்டட்டா?"

இவ்வளவுதான் பேச்சு. மகள் கிரேஸ் மேரியைப் பாகூரில் கொடுத்திருந்தது. அவள் வந்தால் இரண்டு நாள் வீட்டில் வேறு பேச்சும் கேட்கும். போனபின் மறுபடி கஞ்சி, கொள்ளு, கொலைகாரி.

எழுபத்துநாலாம் வருஷம் மாசி மாதம். ஏரிக்கரையில் இரண்டையும் மேயவிட்டு மதலேனாள் அறுகு செதுக்கிக்கொண்டிருந்தாள். காது கிழிந்த கறுப்பு நாய் ஒன்று கரையேறி நேரே வந்தது. குரைக்கவில்லை. ஓடவுமில்லை. வந்த வேகத்தில் செவலையின் பின்னங்காலைக் கவ்வியது. செவலை உதறியதில் நாய் போய் விழுந்து, எழுந்து, எதுவும் நடக்காததுபோல் வயலுக்குள் நடந்துபோயிற்று. இரண்டு பல் பதிந்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினாள்.

மூன்றாம் நாள் வண்டியில் வந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஆரியபாளையத்தில் வெறிநாய் ஒன்றை அடித்துப் போட்டார்களாம். எச்சில் ஒழுக வந்ததாம். காது கிழிந்த கறுப்பு நாயாம். மதலேனாள் திரும்பிப் பார்க்கவில்லை. செவலையின் பின்னங்காலையே பார்த்தபடி ஓட்டினாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மாதா கோயில் திருவிழா வரப்போகிறது. கட்டையை மட்டும் நம்பித் திருவிழாக் கூட்டத்தை ஏற்ற முடியாது. வீட்டில் சொன்னால், இதுதான் சாக்கென்று அமிர்தசாமி இன்றைக்கே விற்றுவிடு என்பான். கால்நடை ஆஸ்பத்திரியில் சொன்னால் கட்டிப்போடச் சொல்வார்கள். நாற்பது நாள் தாண்டினால் பயமில்லை என்று எப்போதோ யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். தவக்காலம் முழுக்க விரதம் இருந்தாள். நாற்பது நாள் தாண்டிற்று. புண் ஆறி மயிர்கூட முளைத்துவிட்டது. திருவிழாவில் செவலை ஒரு குறையும் வைக்காமல் ஓடிற்று.

கொடி இறங்கிய நாலாம் நாள் காலை, செவலை கொள்ளைத் தொடவில்லை. தண்ணீரில் மூக்கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது. வாயோரம் நூல்நூலாக வடிந்தது. "தொண்டையில இன்னாத்தையோ மாட்டிக்கினு நிக்குது. மாங்கொட்டையா இருக்கும், கைய வுட்டுப் பாக்கறேன்" என்று சுவருக்கு இப்பாலிருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே, மதலேனாள் அதன் நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, இன்னொரு கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. கையை வெளியே எடுத்தபோது செவலை தலையைத் திருப்பி, ஆறிப்போன அந்தப் பின்னங்காலைத் தானே கடிக்க ஆரம்பித்தது. ரத்தம் வருகிற வரைக்கும் கடித்தது.

கோழிகள் என்னவோ தெரிந்தாற்போல லாயத்தைவிட்டு வேலியோரம் போய் நின்றன.

மத்தியானத்துக்குள் செவலை மரத்தொட்டியின் விளிம்பைப் பெயர்த்துவிட்டது. பக்கத்து வயல்காரி சின்னபொண்ணுவின் புருஷன் நடேசன் சைக்கிளில் போய்க் கால்நடை டாக்டர் அரங்கநாதனை அழைத்துவந்தான். டாக்டர் லாயத்துக்குள் நுழையவில்லை. வாசலிலேயே நின்று கொஞ்சநேரம் பார்த்தார். கட்டையை அவிழ்த்துத் தோட்டத்துக் கோடியில் தனியாகக் கட்டச் சொன்னார். பிறகு கேட்டார்.

"நாய் ஏதாவது கடிச்சுதாம்மா?"

மதலேனாள் முந்தானையால் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கைதான்.

"கேக்கறேன் இல்ல?"

"கடிச்சுது சார். மாசி மாசம்."

"மாசியிலயா? ஏன் சொல்லல?"

சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. நாலு வருஷத்தில் அந்தச் சுவர் அவ்வளவு மௌனமாக இருந்ததில்லை. அவன் கேட்டுவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. இனி வரப்போகும் வசவுக்காகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"டாக்டரே!" என்று உள்ளேயிருந்து கத்தினான் அமிர்தசாமி. "டாக்டரே, இவ கைய வுட்டா. காத்தால அது வாயில கைய வுட்டு தேடுனா. கையப் பாரு!"

டாக்டர் அவள் கையைப் பார்த்தார். முந்தின நாள்தான் கத்தரிக்காய் பறித்திருந்தாள். முள் கீறின கோடுகள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்பாக ஓடின.

"நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்குப் பாண்டிச்சேரி போயிடு. பெரியாஸ்பத்திரி. தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. ஒரு நாள் வுடக்கூடாது."

"தோட்டத்துக்குத் தண்ணி..."

"செத்துப்போனா தோட்டம் எதுக்கும்மா?" என்றார் அவர்.

செவலையை அப்படியே விட்டுவைக்க முடியாது. கழுத்துக் கயிறும் எந்த நேரத்திலும் அறும். ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம், ஆனால் கழுத்து நரம்பில் போடவேண்டும், அதற்கு ஒரு நிமிஷமாவது அது அசையாமல் நிற்கவேண்டும் என்றார் டாக்டர். நடேசனும் இன்னும் மூன்று பேரும் நீளக் கயிறு வீசிப் பார்த்தார்கள். கயிறு கழுத்தில் விழுந்ததும் அது பின்னங்காலில் எழும்பியது. நாலு பேரும் சிதறினார்கள். மதலேனாள் கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் குரல் அதற்கு எட்டவில்லை.

"என்ன தூக்கு" என்றான் அமிர்தசாமி. "கட்டிலோட தூக்கி அது மொகத்துக்கு நேரா வையிங்க."

நாலு வருஷம் கழித்து அவன் வெயிலுக்கு வந்தான். கட்டிலைப் பத்தடி தள்ளி வைத்தார்கள். செவலையின் விலா ஏறி இறங்குவதையும், தாடையில் வழிவதையும், நெற்றி வெள்ளையில் ஒட்டியிருந்த ரத்தத்தையும் பார்த்தான். அவன் முகம் பச்சைப்பிள்ளை அழப்போவதுபோலக் கோணிற்று. ஆனால் அழவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு சத்தம் செய்தான். மதலேனாள் அந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்தாள். செவலை குட்டியாக இருந்தபோது, முதல்முதல் சேணம் வைத்த அன்று அவன் செய்த சத்தம்.

"நில்லும்மா. நான்தான். ஒண்ணுமில்ல, நில்லு. என் கண்ணு இல்ல. நில்லு..."

செவலையின் காது இரண்டும் முன்னால் திரும்பின. உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் கால் நான்கும் நின்றன. அவன் பேசிக்கொண்டே இருந்தான். என்ன பேசினான் என்று பிறகு கேட்டால் அங்கே இருந்தவர்கள் யாராலும் சொல்ல முடியவில்லை. டாக்டர் பக்கவாட்டில் போய்க் கயிற்றை நடேசனிடம் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு பெரிய ஊசிகளைப் போட்டார். செவலை முதலில் முன்னங்காலை மடக்கியது, படுக்கப்போவதுபோல. அமிர்தசாமி அப்போதும் நிறுத்தவில்லை. டாக்டர் வந்து அவன் தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினான்.

ஆளுயரத்துக்குப் பள்ளம் வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். கட்டையைக் கண்காணிக்கச் சொல்லிவிட்டு டாக்டர் போனார். கட்டிலை உள்ளே தூக்கிப் போட்டார்கள். அமிர்தசாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு நாள் கஞ்சி குடிக்கவில்லை. மூன்றாம் நாள் சின்னபொண்ணு ஊட்டியபோது குடித்தான், அவளிடம்தான் பேசினான்.

"இன்னா அண்ணே, நாலு வருசமா சாவு சாவுன்னு நீதான் கத்தினு கெடந்த. இப்ப போனதுக்குத் துக்கமா?"

"திட்றதுக்காச்சும் ஒண்ணு இருந்துச்சு சின்னபொண்ணு" என்றான் அவன். "இப்ப ராவு பகலு அந்தண்ட ஒரு சத்தமும் காணோம். காது நோவுது."

மதலேனாளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவுமில்லை. ஏன் மறைத்தாய் என்று கேட்கவுமில்லை. அவள் புரட்டிப் போட்டால் புரண்டான், ஊட்டினால் வாயைத் திறந்தான். அவன் கேட்டிருந்தால், திட்டியிருந்தால், அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எதற்காகச் சொல்லவில்லை, தவக்காலத்தில் ஒவ்வொரு நாளும் அந்தக் காலை எப்படித் தடவித் தடவிப் பார்த்தாள் என்பதெல்லாம்.

தினமும் விடிகிற நேரத்தில் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசை. முறை வந்ததும் புடவையை விலக்கிப் படுக்கவேண்டும். முதல் நாலு நாள் பல்லைக் கடித்தாள். ஐந்தாம் நாளிலிருந்து வயிற்றில் ஊசி போடாத இடம் தேடவேண்டியிருந்தது. தொப்புளைச் சுற்றிக் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தடித்துத் தடித்து எழும்பிற்று. குனிந்தால் வலி, தும்மினால் வலி. திரும்பிவந்து அப்படியே குடம் எடுத்துக் கிணற்றடிக்குப் போவாள். பாதிக் குடம்தான் தூக்க முடிந்தது. வெண்டை தப்பிற்று. கத்தரிச் செடிகள் ஒவ்வொன்றாக இலை சுருண்டன. காய் பறிக்கவும் அவள் போகவில்லை. கோழிகள் லாயத்துக்குத் திரும்பி, கொள்ளு சிந்தாத தரையைக் கொத்திக்கொண்டிருந்தன. கொள்ளை அடுப்பில் ஏற்றும்போது பழைய அளவே போட்டுவிடுவாள். பிறகு பாதியை அள்ளி எடுப்பாள்.

பதினாலாம் நாள் பஸ் இறங்கி நடந்து வர மத்தியானம் ஆகிவிட்டது. சின்னபொண்ணு ஊட்டிவிட்டுப் போயிருந்தாள். காக்கிச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுக் கட்டில் பக்கமாகப் போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள்.

"முடிஞ்சிதா?"

சுவரைப் பார்த்தபடியே கேட்டான். அவளுக்குக் காதில் விழுந்ததா, மனசு கேட்டதா என்று சந்தேகம். நின்றாள்.

"முடிஞ்சிது" என்றாள்.

"நோவுதா?"

அவள் செம்பைக் கீழே வைத்தாள். கட்டில் சட்டத்தில் மெல்ல உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தைத் தளர்த்தி விலக்கினாள். போர்வைமேல் கிடந்த அவன் கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தடித்துச் சுட்டுக்கொண்டிருந்த தன் வயிற்றின்மேல் வைத்தாள்.